நாற்றுத் தட்டில் ஒரு பச்சை

தங்கை: கண்ணாடிய போட்டுட்டுப் பாருக்கா. வெறுங்கண்ணால பாத்தா எப்படித் தெரியும்?

அக்கா: எங்கடி?

தங்கை: இங்க... தட்டோட இந்த ஓரத்துல. மெதுவா. மூச்சு பட்டா பறந்துடப் போகுது.

அக்கா: பறக்கறதுக்கு அது என்ன கொசுவா? தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கற.

தங்கை: தெரியுதா? பச்சையா, ரெண்டு குட்டி இலை! தெரியுதா இல்லையா?

அக்கா: தெரியுது.

தங்கை: அவ்வளவுதானா? வெளியில மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொல்ற?

அக்கா: நேத்து சாயங்காலம் நான் பாத்தப்ப இல்லையே.

தங்கை: நேத்து இல்லாதது இன்னிக்கு இருந்தா அதுக்குப் பேருதானே முளைக்கறது? நீ பேராசிரியை. நான் வந்து சொல்லித்தரணுமா?

அக்கா: ம்.

தங்கை: கடவுளே... உனக்குக் கண்ணு இருக்கு. காத கொடுத்துக் கேட்டுட்ட. தினமும் இந்தத் தட்டு முன்னாடி நின்னு கும்பிட்டேன்க்கா. நீ சிரிச்சியே, அப்பவும் விடல.

அக்கா: நான் கும்பிடறதப் பாத்து சிரிக்கல. விதைக்குக் கேக்கணும்னு சத்தமா கும்பிட்டியே, அதுக்குத்தான் சிரிச்சேன்.

தங்கை: கேட்டுச்சில்ல? முளைச்சிடுச்சில்ல? இனிமே இந்த வீட்ட யாரும் தொட முடியாது. மதியம் துறைத் தலைவர் வருவாரு, பாப்பாரு, 'ஒண்ணு முளைச்சிருக்கு'ன்னு எழுதுவாரு. ஆராய்ச்சி நடக்கும். ஆராய்ச்சி நடக்கற வரைக்கும் யுனிவர்சிட்டி கொடுத்த இந்த வீடு உன்னுது. அதானே விதி?

அக்கா: அதான் விதி.

தங்கை: மண்ணுலேந்து தோண்டி எடுத்த புட்டியில ஒரு விதை முளைச்சாக்கூடப் போதும்?

அக்கா: போதும். ஒண்ணுமே முளைக்கலேன்னா நிறுத்திடணும். நானே எழுதின விதி.

தங்கை: யாரு எழுதச் சொன்னா உன்ன? கொஞ்சம் தாராளமா எழுதிருக்கக் கூடாதா?

அக்கா: அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. வயசாகும்னு தோணல.

தங்கை: சரி, இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. நீ உக்காரு. டீ போடறேன்.

அக்கா: ஏய்... நீ எதுக்குடி இவ்வளவு குதிக்கற?

தங்கை: குதிக்காம?

அக்கா: ஒண்ணும் முளைக்கலேன்னா நான் இதக் காலி பண்ணிட்டு உன் வீட்டுக்கு வந்துடணும். அதுதானே நமக்குள்ள பேச்சு? என்ன கூட்டிட்டுப் போகத்தானே வந்த? நியாயமா பாத்தா நீ அழணும்.

தங்கை: உன் சந்தோஷம்தான் என் சந்தோஷம்.

அக்கா: இது எந்த சீரியல்ல வந்துச்சு?

தங்கை: போக்கா. உனக்கு சக்கரை ஒரு ஸ்பூனா, அரையா?

அக்கா: ஒரு வாரம்னு வந்தவ. மாசம் ஆகப் போகுது, இன்னும் அரையா ஒண்ணான்னு கேக்கற.

தங்கை: ஏன், நான் இருக்கறது பாரமா இருக்கா?

அக்கா: நான் அப்படியா சொன்னேன்? இந்த வீட்டுல ரெண்டு டம்ளர் சேத்துக் கழுவறதே நீ வந்த பிறகுதான். அந்த சத்தம் எனக்குப் புதுசு.

தங்கை: எந்த சத்தம்?

அக்கா: ஒரு டம்ளர் மேல இன்னொண்ணு இடிக்கற சத்தம்.

தங்கை: பால் பொங்குது. இரு.

அக்கா: உன் பையன் போன் பண்ணானா?

தங்கை: அவனுக்கு வேலை. பண்ணுவான்... அக்கா, உனக்கு ஞாபகம் இருக்கா? இந்தப் புட்டிங்கள புதைச்ச அன்னிக்கு நான் கூட இருந்தேன்.

அக்கா: மறக்குமா? நீதானே எனக்குக் காவல்.

தங்கை: பதினோரு வயசுக் காவல்! பாவாடைய தூக்கிச் சொருகிட்டு மண்வெட்டி தூக்கினேன். உங்க பெரிய வாத்தியார் சொன்னாரு பாரு, 'ஆம்பளைங்களோட ஒரு பொண்ணு தனியா களத்துக்கு வரக்கூடாது, வீட்டுலேந்து துணை வந்தா வரலாம்'னு...

அக்கா: அப்பாவுக்கு லீவு கிடைக்கல. அம்மாவுக்கு முட்டி வலி. மிச்சம் இருந்தது நீ.

தங்கை: காடு, மேடு, சேறு எல்லாம் உன் பின்னாடியே சுத்தினேன். செடிய பேப்பருக்கு நடுவுல வச்சு, மேல பலகை வச்சுக் கட்டுவியே, அத முதுகுல சுமந்தேன். எனக்கு என்ன கூலி கொடுத்த?

அக்கா: ஐஸ் வாங்கித் தந்தேன்.

தங்கை: உருகிப்போன ஐஸ். அதையும் பாதி நீ தின்ன.

அக்கா: நான் சம்பளம் இல்லாம வேலை பாத்த காலம்டி அது. உக்கார நாற்காலிகூட தரல. ஆய்வுக்கூடத்துல ஆம்பளைங்க எல்லாம் உக்காந்து மைக்ராஸ்கோப் பாப்பாங்க. நான் நின்னுட்டே பாத்தேன். ஒரு வருஷம் கழிச்சு ஒரு ஸ்டூல் வந்துச்சு, மூணு காலோட.

தங்கை: ஸ்டூலுக்கு மூணு கால்தானே?

அக்கா: அதுக்கு நாலு இருந்திருக்கணும்.

தங்கை: அய்யய்யோ!

அக்கா: சிரி, சிரி. அதுல உக்காந்துதான் என் மொத புத்தகத்த எழுதினேன். விழாம உக்காரணும், அதனால தூக்கமே வராது.

தங்கை: அப்புறம் கடிதாசு எல்லாம் வருமே, 'அன்புள்ள ஐயா'ன்னு.

அக்கா: வெளிநாட்டுலேந்துகூட அப்படித்தான் வரும். ஒரு கூட்டத்துக்குப் போனேன். வாசல்ல நின்னவரு கேக்கறாரு, 'பேராசிரியர் பின்னாடி வர்றாராம்மா?'ன்னு. ஆமா, வருவாரு, நான் முன்னாடி போய் அவரு நாற்காலியில உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

தங்கை: களையம்மான்னு உனக்குப் பேரு வச்சாங்களே பசங்க...

அக்கா: ஊரெல்லாம் நெல்லு, கோதுமைன்னு ஆராய்ச்சி பண்ணும்போது ஒருத்தி களைச்செடி விதைய புட்டியில அடைச்சுப் புதைச்சா வேற என்ன பேரு வைப்பாங்க? ஆனா விவசாயிக்குக் கேள்வி அதுதானேடி. பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாலும் மறுபடி எங்கேருந்து வருது? மண்ணுக்குள்ள ஒரு விதை எவ்வளவு நாள் உசுரோட காத்திருக்கும்? அதத்தான் கேட்டேன்.

தங்கை: அதுக்குன்னு நீயும் சேந்தா காத்திருக்கணும்? கோவிச்சுக்காத. நான் அவரத்தான் சொன்னேன். உன்ன கட்டிக்கறேன்னு வந்தாரே, பாலம் கட்டற இன்ஜினியர்.

அக்கா: நல்ல மனுஷன். வேற ஊருக்கு மாத்தல் ஆச்சு அவருக்கு. கூட வான்னாரு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு புட்டி தோண்டணும், வர முடியாதுன்னேன்.

தங்கை: அதுக்கு அவரு, 'எல்லாப் புட்டியையும் தோண்டி எடுத்துக்கோ, அங்க புதைச்சுக்கலாம்'னாராமே!

அக்கா: தமாஷுக்குச் சொல்லல. நிஜமாவே சொன்னாரு. லாரி வேற ஏற்பாடு பண்றேன்னாரு.

தங்கை: போயிருக்கலாம்ல?

அக்கா: மண்ணு மாறினா கணக்கு மாறிடும்டி.

தங்கை: கணக்கு...

அக்கா: ஆமா. அப்ப அதுதான் பெருசா பட்டுச்சு. இப்பவும் அப்படித்தான். ஆனா அன்னிக்குப் பட்ட மாதிரி சுலபமா படல. டீ ஆறுது, குடி.

தங்கை: அக்கா, நீ இன்னும் ஒரு தடவகூட அந்தச் செடிய திரும்பிப் பாக்கல. நானே பாக்கறேன், நீ பாக்கல.

அக்கா: பாத்துட்டேன்.

தங்கை: மத்த தடவ ஒண்ணு முளைச்சா அடிஸ்கேல், லென்ஸ் எல்லாம் எடுத்துட்டுப் பக்கத்துலயே படுத்துக்குவியாமே. தோட்ட ஆளுங்க சொல்லுவாங்க.

அக்கா: வயசாகுதுல்ல. கதவுல யாரோ... பாரு, வந்துட்டான்.

தலைவர்: வணக்கம் மேடம். உள்ள வரலாமா?

அக்கா: துறைத் தலைவர் ஆனப்புறமும் நீ கதவத் தட்டிட்டுத்தான் வர்ற. வகுப்புக்கு மட்டும் தட்டாமக்கூட வந்ததில்ல. வரவே மாட்ட.

தலைவர்: தங்கச்சி அம்மா முன்னாடி மானத்த வாங்காதீங்க மேடம். வணக்கம்மா.

தங்கை: வாங்க சார், வாங்க. உக்காராதீங்க, மொதல்ல இதப் பாருங்க. முளைச்சிடுச்சு!

தலைவர்: நெஜமாவா? எங்க? அட... அட! மேடம்!

தங்கை: சொன்னேன்ல!

தலைவர்: மேடம், எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. இன்னியோட கெடு முடியுது. உங்ககிட்ட வந்து எந்த வாயால வீட்டுச் சாவி கேக்கறதுன்னு... மேல ஒரே நெருக்கடி மேடம். இந்த இடத்துல வண்டி நிறுத்தறதுக்குக் கொட்டகை போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. இப்ப நான் தலை நிமிந்து சொல்லலாம். ஆராய்ச்சி உசுரோட இருக்குன்னு.

தங்கை: எழுதிக்கோங்க சார். இப்பவே எழுதிக்கோங்க.

தலைவர்: எழுதிடறேன். முளைத்தவை, ஒன்று. சரியா மேடம்?

அக்கா: ...

தங்கை: அவளுக்கு சந்தோஷத்துல பேச்சு வரல சார். நீங்க எழுதுங்க.

தலைவர்: மேடம்?

அக்கா: எழுதாதப்பா.

தங்கை: அக்கா...

அக்கா: பூஜ்யம்னு எழுது.

தலைவர்: இதோ இருக்கே மேடம். கண்ணெதிர்ல.

அக்கா: அந்த ரெண்டு இலையோட நுனியப் பாரு. நடுவுல பள்ளம் விழுந்து, ஒவ்வொண்ணும் இதயம் மாதிரி இருக்கா? புட்டியில இருந்த எந்தச் செடிக்கும் மொத இலை அப்படி வராது. ஒல்லியா, நேரா வரும். இது கடுகு.

தலைவர்: கடுகா?

அக்கா: அடுப்படியில டப்பாவுல இருக்குமே, அது.

தலைவர்: நான் நுண்ணுயிர் ஆளு மேடம். இலையப் பாத்தா இலைன்னு தெரியும், அதுக்கு மேல தெரியாது. ஆனா கடுகு இதுக்குள்ள எப்படி...

தங்கை: சார், அது வந்து... நான்தான்...

அக்கா: நீ போய் அவனுக்கு டீ கொண்டு வா.

தங்கை: இல்லக்கா, நான் சொல்லிடறேன்...

அக்கா: டீ கொண்டு வான்னேன். அது எப்படி வந்துச்சுங்கறது எண்ணிக்கைக்குத் தேவையில்லப்பா. நம்ம புட்டியோடது இல்ல. அது போதும்.

தலைவர்: மேடம்... ஒண்ணு சொன்னா திட்டாதீங்க.

அக்கா: திட்டற மாதிரிதான் சொல்லப் போற. சொல்லு.

தலைவர்: எனக்கு இது கடுகுன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியப் போகுது? நான் ஒண்ணுன்னு எழுதிட்டுப் போறேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம், எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். சும்மா இருந்தாப் போதும். இந்தத் துறைக்கு நீங்க செஞ்சதுக்கு நாங்க திருப்பி என்ன செஞ்சோம்? விழா எடுத்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தோம். அதுவும் ஓடல. இதாவது செய்யறேனே.

அக்கா: நல்லவன்டா நீ. அப்பவும் நல்லவன்தான், படிக்கத்தான் மாட்ட.

தலைவர்: மேடம், விளையாடாதீங்க. வீடு போயிடும்.

அக்கா: தெரியும். காலையிலேந்து அதத்தான் நெனச்சுட்டிருக்கேன். ஆனா பாரு, எங்கயோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தி இருப்பா. இன்னும் பொறக்காதவளாக்கூட இருக்கலாம். அவ நம்ம எண்ணிக்கைய எடுத்து, அது மேல தன்னோடத வச்சுக் கணக்குப் போடுவா. என்ன அவளுக்குத் தெரியாது. என் வீடு தெரியாது. நான் தனியா இருந்தது தெரியாது. நான் சொன்ன எண் ஒண்ணுதான் அவளுக்கும் எனக்கும் உறவு. அதுல எப்படிப்பா பொய் சொல்றது? பொய் சொல்லி வாங்கின வீட்டுல உக்காந்து கடவுளையும் கும்பிட முடியாது. பக்கத்து அறையில இவ வேற சத்தமாக் கும்பிடுவா.

தலைவர்: மிச்சப் புட்டிங்க மேடம்? மண்ணுக்குள்ள இன்னும் இருக்கே.

அக்கா: இருக்கட்டும். தோண்டாதீங்க. கொட்டகை போடறவங்ககிட்டயும் சொல்லு, ஆழமாத் தோண்டாம மேலாக்கா போட்டுக்கச் சொல்லு. எழுது.

தலைவர்: என் கையால எழுத மாட்டேன் மேடம்.

அக்கா: கொடு. நானே எழுதறேன்... பூஜ்யம். போதுமா? இதுக்கு ஏன்டா கண்ண துடைக்கற? துறைத் தலைவர் நீ.

தங்கை: டீ சார்.

தலைவர்: வேணாம்மா... இல்ல, கொடுங்க. குடிச்சுட்டே போறேன். மேடம், மாசக் கடைசி வரைக்கும் அவசரமில்ல. ஞாயித்துக்கிழமை ஆளுங்களோட வர்றேன், புத்தகமெல்லாம் கட்டறதுக்கு.

அக்கா: வருவேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க.

தலைவர்: நான் வருவேன் மேடம்.

அக்கா: சரிப்பா. பாத்துப் போ. படிக்கட்டுல பாசி இருக்கு, வழுக்கும்.

தங்கை: டம்ளர இப்படிக் கொடுங்க சார்.

அக்கா: போயிட்டானா?

தங்கை: கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போறாரு.

அக்கா: ம்.

தங்கை: எப்பக்கா கண்டுபிடிச்ச?

அக்கா: கண்ணாடி போட்ட உடனே.

தங்கை: எல்லா முளையும் ஒரே மாதிரிதானே இருக்கும்னு நெனச்சேன். விதைக்கும்போது நீதான் சொன்ன, 'இதப் பாரு, கடுகு மாதிரியே இருக்கு'ன்னு. அதனாலதான்...

அக்கா: முட்டையெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்டி. குஞ்சு வெளிய வந்தா தெரிஞ்சுடும்ல.

தங்கை: அப்ப காலையிலயே சொல்லி என்ன நாலு அறை அறைஞ்சிருக்கலாமே. மதியம் வரைக்கும் ஏன் வாய மூடிட்டிருந்த?

அக்கா: ஆசைதான்.

தங்கை: என்ன ஆசை?

அக்கா: நானும் மனுஷிதானே. அவன் வர்ற வரைக்கும் அது நம்ம விதைதான்னு வச்சுக்கலாம்னு பாத்தேன். நீ டீ போட்ட, பழசெல்லாம் பேசின, வீடு நம்மளுதுன்ன. அந்தக் கொஞ்ச நேரம் நல்லா இருந்துச்சுடி. அதுக்கு மேல வச்சுக்க முடியல.

தங்கை: உனக்காகத்தான்க்கா போட்டேன். இத விட்டு வெளிய போனா நீ செத்துடுவன்னு...

அக்கா: தெரியும். அழாத.

தங்கை: இல்ல. அது பாதிதான். முழுசாச் சொல்லிடறேன்.

அக்கா: சொல்ல வேணாம்னா வேணாம்.

தங்கை: சொல்லணும். நீ பூஜ்யம்னு எழுதினியே, அதப் பாத்தப்புறம் எனக்கு... எனக்காகவும்தான் போட்டேன். உனக்கு இந்த வீடு இருந்தா, ஒத்தாசைக்கு இருக்கேன்னு சொல்லிட்டு நானும் ஒரு மூலையில இருந்துக்கலாம்னு. என் வீட்டுக்கு வா, வான்னு கூப்பிட்டேனே... வீடே இல்லக்கா. வித்துட்டான். அவனுக்குத் தொழில்ல அடி. இப்ப மாமனார் வீட்டுல இருக்காங்க. எனக்கு அங்க இடம் இல்ல. கொஞ்ச நாள் பெரியம்மாகிட்ட இரும்மான்னான். கொஞ்ச நாள்னு சொல்லும்போது அவன் என் முகத்தப் பாக்கல. உன்ன கூட்டிட்டுப் போக வந்தவ மாதிரி நடிச்சேன். போக்கிடம் இல்லாம வந்தவ நான். இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல. உன் வயசுல தனியா இருக்கற பொம்பளைக்கு வாடகைக்குக்கூட யாரும் வீடு தர மாட்டாங்கன்னு நீயே சொன்ன.

அக்கா: தனியா இருக்கறவளுக்குத்தான் தர மாட்டாங்க. ரெண்டு பேர்னா குடும்பம். என் பென்ஷனுக்கு ரெண்டு அறை கிடைக்கும். மூக்கச் சிந்திட்டு உள்ள போய் உன் புருஷன் படத்த சுவத்துலேந்து பத்திரமாக் கழட்டு. கண்ணாடி உடைஞ்சுடாம துணி சுத்தி வை.

தங்கை: நீ... என்மேல கோவப்படலயா? ஆச்சரியம்கூடப் படலயே.

அக்கா: ஒரு வாரம் தங்கிட்டுப் போக வர்றவ யாராவது புருஷன் படத்தப் பெட்டியில தூக்கிட்டு வருவாளாடி?

தங்கை: அப்ப... வந்த அன்னிக்கே தெரியுமா உனக்கு?

அக்கா: அதுக்கும் முந்தி. நீ படத்த எடுத்துட்டு வந்து சுவத்தத் தடவினதும் கைக்கு வாகா ஒரு ஆணி இருந்துச்சே, அது அங்க எப்படி வந்துச்சுன்னு நெனச்ச? இந்த வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு யுனிவர்சிட்டி விதி. என் பட்டத்தகூட நான் மாட்டினதில்ல, இத்தனை வருஷமும் பீரோவுக்குள்ளதான் கிடக்கு. உன் பையன் போன் பண்ணி, 'அம்மாகிட்ட சொல்லாதீங்க பெரியம்மா'ன்னு அழுதான். அன்னிக்குத்தான் ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஆணிய அடிச்சேன். உன் உயரத்துக்கு எட்டணுமேன்னு கொஞ்சம் தாழ்வாவே அடிச்சேன்.